மெழுகு வாங்கிக் கொடுத்த ஊர்

நாவலூரில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் ஒரு பெண்மணி இருக்கிறார். கணவருக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் உத்தியோகம். இவர் களிமண்ணில் ஜிமிக்கி செய்கிறார். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு எட்டு ஜோடி செய்து சும்மா கொடுத்ததில் ஆரம்பித்தது. இப்போது லிஃப்டில் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாம் ஆர்டர் கொடுக்கிறார்கள்.

ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க பி.காம்.தானே? ஒரு ஜோடிக்கு என்ன விலை வைக்கலாம்?"

மண், பெயிண்ட், கொக்கி, அட்டைப் பெட்டி, கரண்ட்டு எல்லாம் சேர்த்து நாற்பது ரூபாய் ஆகிறதாம். நூறுக்கு விற்றால் அறுபது லாபம்.

"செய்ய எவ்வளவு நேரம் ஆகுது?"

"ரெண்டரை மணி நேரம் சார்."

"அதுக்குக் கூலி?"

"அது எதுக்கு சார்? இது ஹாபிதானே!"

கைவேலை செய்கிற பாதிப் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். சந்தோஷமாகச் செய்கிற வேலைக்குக் கூலி கேட்கலாமா? கேட்டால் அந்தச் சந்தோஷம் மிஞ்சுமா? இந்தக் கேள்விக்கு ஒரு கோஷ்டி அறுபது வருஷத்துக்கு முன்னால் பதில் கண்டுபிடித்தது. எங்கே? ரொம்ப தூரமில்லை. நாவலூரிலிருந்து சோழிங்கநல்லூர் போய், வலதுபக்கம் திரும்பி, பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டி, அக்கரையில் ஈ.சி.ஆரைப் பிடித்து இடதுபக்கம் வண்டியை விட்டால் ஈஞ்சம்பாக்கம். அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

அந்த ஊர் ஓவியம் விற்று வாங்கியதில்லை. துணி விற்று வாங்கியது.

கதை எழும்பூர்ப் பக்கம், ஓவியக் கல்லூரியில் தொடங்குகிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பித்த பள்ளி அது. பானை வனைவது, உலோக வேலை, மர வேலை என்று கைத்தொழில்தான் அங்கே பிரதானம். பிறகு தேவி பிரசாத் ராய் சவுத்ரி வந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அதைச் செய்தவர். அவர் காலத்தில் ஓவியமும் சிற்பமும் மேலே வந்தன. அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர், 1957இல் முதல்வரானார்.

பணிக்கர் 1911இல் கோயமுத்தூரில் பிறந்தவர். ஓவியம் படிக்க வருவதற்கு முன்னால், குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். வயிற்றுப்பாடு என்றால் என்னவென்று தெரிந்த மனிதர். அதனால்தான் தன் மாணவர்களைப் பார்த்து அவருக்குக் கவலை வந்தது.

பையன்கள் பிரமாதமாகப் படம் போடுகிறார்கள். சரி. கல்லூரியை விட்டு வெளியே போனால்? அன்றைய மெட்ராஸில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க ஆள் ஏது? நெசவாளர் சேவை மையத்தில் டிசைன் போடும் வேலை ஒரு சிலருக்குக் கிடைக்கும். மற்றவர்களுக்கு விளம்பரக் கம்பெனி, பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் உத்தியோகம். கொஞ்ச நாளில் தூரிகை பரணுக்குப் போய்விடும்.

1960களின் முற்பகுதியில் பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்கு ஓவியர் சங்கம் என்று பெயர் வைக்கவில்லை. ஓவியர் கைவினைச் சங்கம். கவனியுங்கள், விஷயம் அந்தக் 'கைவினை'யில் இருக்கிறது.

அவர்கள் பிடித்துக்கொண்டது பாத்திக். ஜாவாவில் புகழ்பெற்ற துணிக்கலை. வேலை சுலபமாகத் தெரியும், ஆனால் பெண்டு நிமிர்த்திவிடும். மெழுகை உருக்கித் துணியில் கோலம் போடவேண்டும். சாயத்தில் முக்கினால் மெழுகு இருக்கிற இடத்தில் நிறம் ஏறாது. அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு, மறுபடி சாயம். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்கவேண்டும். நடுவில் மெழுகு விரிசல் விட்டால் அதன் வழியே சாயம் இறங்கி, மயிரிழை போல ஒரு கோடு விழும். அந்தக் கோடுதான் பாத்திக்குக்கு அழகே.

படம் வாங்கத் தயங்கிய அதே மெட்ராஸ், இந்தத் துணியைக் கை நீட்டி வாங்கியது. சுவரில் மாட்டும் ஓவியத்துக்கு 'என்ன அர்த்தம்' என்று கேட்பவர்கள், ஜன்னல் திரைக்கு அர்த்தம் கேட்பதில்லை அல்லவா? உலோகம், தோல் என்று மற்றக் கைவேலைகளும் நடந்தன. விற்ற காசைப் போட்டு 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள்.

இன்றைக்கு அந்த ஏரியாவில் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று யோசித்துப் பெருமூச்சு விடவேண்டாம். அன்று அது சவுக்கும் மணலும். இப்போதிருக்கும் ஈ.சி.ஆர். அப்போது கிடையாது. கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு குடியேறினார்கள். முப்பது பேர் சுமாருக்கு இருந்த கூட்டம். ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், கே.வி. ஹரிதாசன், எம். சேனாதிபதி, பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் என்று பின்னாளில் பெரிய பேர் வாங்கியவர்கள். 1967இல் பணிக்கர் ஓய்வு பெற்றார்.

இதில் கணக்கு எங்கே வருகிறது?

அவர்கள் இரண்டு பேரேடு வைத்துக்கொண்டார்கள். ஒன்று கைவினைக்கு. அதில் கறார். வாங்குகிறவர் ரசனை, விலை, நேரம் எல்லாம் உண்டு. அந்த வருமானத்தில் அடுப்பு எரியும். இன்னொன்று ஓவியத்துக்கு. அந்தப் பேரேட்டில் வரவுப் பக்கம் காலியாக இருந்தாலும் கேள்வி கிடையாது. விற்றால் சந்தோஷம், விற்காவிட்டால் அடுத்த படம்.

பணிக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963லிருந்து 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் வரைந்துகொண்டிருந்தார். கணக்கு நோட்டுப் பக்கம் மாதிரி இருக்கும். எழுத்து இருக்கும், படிக்க முடியாது. எண் இருக்கும், கூட்ட முடியாது. இந்திய நவீன ஓவியத்தில் அதற்கு இன்று பெரிய இடம். வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து வரைந்திருந்தால் வந்திருக்குமா?

எல்லாம் சுபம் என்று முடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் சிலர் கிராமத்தை விட்டுப் போனார்கள். வி. விஸ்வநாதன் பாரிஸுக்குப் போய் அங்கேயே தங்கினார். ஓவியங்கள் விலைபோக ஆரம்பித்ததும் பாத்திக் பின்னால் போனது. பணிக்கர் 1977இல் காலமானார். கிராமம் நின்றது. 2009இல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். போய்ப் பாருங்கள். சுவரில் தொங்கும் ஓவியங்களுக்குத் தரை வாடகை கட்டியது யாரோ மெழுகு ஊற்றிய திரைத் துணி என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மூன்றாம் மாடிப் பெண்மணியிடம் இதைச் சொன்னேன். ஜிமிக்கிக்குக் கூலியைச் சேர்த்து விலையைப் போடச் சொன்னேன். கூட்டிப் பார்த்தார். இருநூற்று நாற்பது வந்தது.

"யார் சார் வாங்குவாங்க?"

"பாதிப் பேர் வாங்கமாட்டாங்க. பாதிப் பேருக்குச் செஞ்சாப் போதுமே? மிச்ச நேரத்துல உங்களுக்குப் பிடிச்சதைச் செய்யுங்க. அதை விக்காதீங்க."

யோசித்தார். போன வாரம் அவர் வீட்டு வாசலில் ஒரு மண்குதிரை நின்றது. முழங்கால் உயரம், ஒரு காது கொஞ்சம் கோணல்.

விலை கேட்டேன்.

"அது விக்கறதுக்கு இல்ல சார்" என்றார்.