உங்க போனுக்குத் திருடன் வர்ற ரூட் மேப் போட்டுப் பார்த்திருக்கீங்களா?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எத்தனை வழி? பஸ் இருக்கு, ரயில் இருக்கு, பைக்கை எடுத்தா ஊர்களுக்குள்ள புகுந்தும் போயிடலாம். மெயின் ரோட்டுல மட்டும் போலீஸை நிறுத்திட்டு, 'இனி யாரும் வர முடியாது'ன்னு சொன்னா சிரிப்பீங்கதானே? போன் விஷயத்துல நாம செய்றது அதுதான். பேங்க் ஆப்புக்கு மட்டும் கஷ்டமான பின் வெச்சுட்டு நிம்மதியாத் தூங்கிடுறோம்.

திருடன் வரக்கூடிய எல்லா வழிகளையும் ஒரே படமாக வரைவதற்குப் பெயர் 'அட்டாக் கிராஃப்'. போன், சிம், ஜிமெயில், பேங்க் எல்லாம் வட்டங்கள். 'இது கையில கிடைச்சா அதையும் திறக்கலாம்' என்றால் இரண்டுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான். கம்பெனிகளுக்கு இதை வரைந்து கொடுக்கவே மென்பொருள்கள் உண்டு. 2016-ல் வந்த ஒன்றின் பெயர் பிளட்ஹவுண்ட், அதாவது மோப்ப நாய். நம்மூர்க்காரர் எழுதியிருந்தால் 'ராஜபாளையம்' என்றே வைத்திருப்பார்!

நம்ம பக்கத்து உதாரணம், கூடங்குளம் அணுமின் நிலையம். அங்கே மால்வேர் இருப்பதை செர்ட்-இன் அமைப்பு 2019 செப்டம்பர் 4-ல் கண்டுபிடித்துச் சொன்னது. அக்டோபர் கடைசியில் விஷயம் வெளியே வந்தபோது முதலில் மறுப்பு, மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. இணையத்தோடு இணைந்த நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர்தான் பாதிக்கப்பட்டது, முக்கியமான உள் நெட்வொர்க் தனி என்பது கழகத்தின் விளக்கம். கிராஃபில் பார்த்தால் இரண்டு வட்டங்கள், நடுவில் கோடு இல்லை. மொத்தப் பாதுகாப்பும் அந்த இல்லாத கோட்டில்தான் இருக்கு. யாராவது ஒரு பென் டிரைவை இங்கிருந்து எடுத்து அங்கே செருகினால் போதும், கோடு விழுந்துடும்.

இப்போ உங்க கிராஃப். பேப்பர், பேனா எடுங்க.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்குற கூட்டத்துல போன் காணாமப் போயிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. ஸ்கிரீன் லாக் இருக்கு, பயமில்லை. ஆனா, சிம்மைக் கழற்றி வேற போன்ல போட்டா ஓ.டி.பி எல்லாம் அங்கே போகும். அதை வெச்சு ஜிமெயில் பாஸ்வேர்டை மாத்தப் பார்ப்பான். உள்ளே போயிட்டா, 'அவசரத்துக்கு இருக்கட்டும்'னு நீங்க எடுத்து வெச்ச டெபிட் கார்டு போட்டோ கிடைக்கும். பல பேங்குகள்ல கார்டோட கடைசி ஆறு எண், காலாவதி தேதி, ஓ.டி.பி இருந்தாலே புது யு.பி.ஐ பின் போட்டுடலாம்.

இன்னொரு வழி, கொரியர் பேரைச் சொல்லி வாட்ஸ்அப்ல வர்ற ஏ.பி.கே ஃபைல். எஸ்.எம்.எஸ் படிக்க அனுமதி கேட்கும், நாமளும் 'ஓகே' கொடுப்போம்.

ரெண்டு வழியும் எங்கே சேருதுன்னு பாருங்க. எஸ்.எம்.எஸ்-ல வர்ற ஓ.டி.பி! இப்படி எல்லா ரோடும் கூடுற முக்கைத்தான் முதல்ல மறிக்கணும். செட்டிங்ஸ்ல சிம் லாக் போடுங்க. போடுறதுக்கு முன்னாடி உங்க நிறுவனத்தோட ஆரம்ப பின் என்னன்னு கேட்டுக்கோங்க, மூணு தடவை தப்பா அடிச்சா சிம் பூட்டிக்கும். ஜிமெயிலுக்கு எஸ்.எம்.எஸ்ஸுக்குப் பதிலா பாஸ்கீ அல்லது ஆத்தென்டிகேட்டர் ஆப். கார்டு போட்டோவை அழிங்க, டிராஷ்ல இருந்தும்தான்.

அம்மா போனுக்கும் ஒரு படம் வரைஞ்சிடுங்க. பெரும்பாலும் அதுல அம்புக்குறி அதிகம். பேப்பரோட ஓரத்துல 1930-னு பெருசா எழுதி வைங்க. பணம் போனதும் உடனே கூப்பிட வேண்டிய சைபர் குற்ற உதவி எண் அது.