நாட்டரசன்கோட்டையும் தமிழ் விசைப்பலகையும்

சிவகங்கைக்கு அருகே நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதி உள்ளது. சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழாவின் நிறைவு நாள் பங்குனி அத்தத்தில் இவ்வூரில்தான் நிகழும். கம்பன் பாடல்களைக் கணினியில் ஏற்ற விழையும் நண்பர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்பது ஒன்றே: கை நோகாமல் தட்டச்சிட எந்த விசைப்பலகை ஏற்றது? விடையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று தேடுவோம்.

ஓலையில் எழுதியவர் எழுத்தாணியைப் பெரிதும் நகர்த்துவதில்லை. இடக்கை ஓலையைத்தான் நகர்த்தும். புள்ளியும் பெரும்பாலும் இடுவதில்லை. 'கமபன' என்றிருப்பதைக் கம்பன் என்று படித்துக்கொள்வது வாசிப்பவர் பொறுப்பு. எ, ஏ வேறுபாடும் அப்படியே. ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டில் பாதி இதனால் வந்தது எனலாம்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். 247 எழுத்துகளை ஒரு பொறிக்குள் அடக்குவது எளிதன்று. அவர் கண்ட வழி நகரா விசை. புள்ளியை முதலில் தட்டினால் தாள் நகராது நிற்கும். அடுத்து மெய்யைத் தட்டினால் புள்ளி அதன் தலைமேல் அமரும். 'கொ' வேண்டுமாயின் கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டவேண்டும். பொறிக்கு இது பொருத்தமே. கணினிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. எனினும் பயிலகங்களில் தேர்வெழுதித் தேறிய விரல்கள் பழைய வரிசையையே நாடின.

இணையத்தில் தமிழ் பரவியபோது, ஆங்கில எழுத்தைக் கூட்டித் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறை பெருகியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் அளித்த முரசு அஞ்சலையும், பின்னர் வந்த எ-கலப்பையையும் நன்றியோடு நினைக்கிறோம். அவை இல்லையேல் அயலகத் தமிழர் பலர் எழுதத் தொடங்கியே இரார். ஆயினும் ண, ள, ற ஆகியவற்றிற்கு ஒவ்வொரு முறையும் ஷிப்ட் விசையைச் சுண்டுவிரலால் அழுத்தவேண்டும். நாள் முழுதும் செய்யுள் அடிப்பவரைக் கேட்டால் தெரியும். தமிழை ஆங்கில எழுத்தில் எண்ணிப் பார்த்தே எழுதுவது மற்றொரு குறை. நமக்கு இதுவே பெரிது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் பிறந்து, அவ்வாண்டு ஜூனில் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது தமிழ்99. உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள், வ, ங நீங்கலாக, வலக்கைக்கு. நடுவரிசையில் அ, இ, உ, எ, க, ப, ம, த, ந, ய. தமிழ் எழுத்து எதற்கும் ஷிப்ட் தேவையில்லை, கிரந்தத்திற்கு மட்டுமே வேண்டும். க, ம, ப எனத் தட்டினால் மகரத்திற்குப் புள்ளி தானே விழும். ஓலையில் வாசிப்பவர் மனத்தில் இட்ட புள்ளியை இங்கே கணினி இடுகிறது! 'மமதை' போன்ற சொற்களில் மட்டும் நடுவே அகரம் தட்டிப் புள்ளியைத் தடுக்கவேண்டும்.

தட்டச்சுப் பயிலகத்தில் தேறியவர் பழைய முறையை விட வேண்டியதில்லை. புதிதாய்த் தொடங்குவோர் தமிழ்99 பழகுக என்போம். பலகை எந்த நிறுவனத்துடையதாயினும் ஆகுக. மணிக்கட்டு மேல்நோக்கி வளையாத உயரத்தில் இருக்கட்டும். விசைகள்மேல் தமிழெழுத்து ஒட்டிகள் முதற்சில வாரங்களுக்கு உதவும்.

ஐயமுள்ளோர் இவ்வூர்ப் பெயரையே அடித்துப் பார்க்கலாம். ஆங்கில எழுத்துக் கூட்டினால் 18 தட்டல்கள்; தமிழ்99-இல் 13.