கோட்டையும் சாசனமும்

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வழியாகச் சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு எலவனாசூர்கோட்டை என்பது பஸ் சிறிது நேரம் நிற்கிற ஓர் ஊர், அவ்வளவுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், ஆர்க்காட்டு நவாப் பதவியின் உரிமையை முன்னிட்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட கருநாடகப் போர்களில், அயலிலுள்ள தியாகதுர்க்கத்து மலைக்கோட்டையைப் போலவே இவ்வூர்க் கோட்டையும் போரின் கைப்பட்டது. 1801-ல் கருநாடகம் முழுவதும் கும்பினியாரின் ஆட்சிக்குள் அடங்கிய பிறகு கோட்டைக்கு வேலையில்லாமற் போயிற்று. ஊர்ப்பெயரின் வால்போல அந்தச் சொல் மாத்திரம் ஒட்டிக்கொண்டது.

கோட்டையைவிட நெடுங்காலம் தன் வேலையைச் செய்துவந்த காவல் ஒன்று அதே ஊரில் உண்டு; அது சாசனத்தின் காவல். இவ்வூர்ச் சிவாலயத்து மூர்த்திக்கு இன்று வழங்கும் திருநாமம் கிராமார்த்தநாதேசுவரர், அம்பிகை பிருகந்நாயகி. அர்த்தம் என்ற சொல்லைக் கேட்டுப் பொருட்செல்வத்தைக் குறித்ததென்று மயங்குவோர் இருக்கலாம். கோயிற் கல்வெட்டுகள் அம்மயக்கத்தைத் தீர்த்துவைக்கின்றன. இறையானறையூர் என்னும் சோழகேரள சதுர்வேதிமங்கலத்தில் எழுந்தருளிய ‘ஊர்ப்பாகங்கொண்டருளிய மகாதேவர்’ என்று அவை பேசுகின்றன. ஊரின் ஒரு பாகத்தைத் தமக்கென்று ஏற்றுக்கொண்டவர் என்பது கருத்து. அதனையே வடமொழியில் பெயர்த்தபோது பாதியைக் குறிக்கும் அர்த்தம் என்ற சொல் வந்து அமர்ந்தது. தெய்வத்தின் திருநாமமே ஒரு நிலப்பத்திரத்தின் வாசகமாக அமைந்திருக்கும் ஊரில், எழுதிவைத்ததைக் காப்பாற்றும் வித்தையின் சரித்திரத்தைத் தொடங்குவது பொருத்தமென்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த வித்தையை இன்று சைபர் பாதுகாப்பு என்கிறோம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அதனை மூன்றாண்டோ நான்காண்டோ பயின்று பட்டம் பெறுகிறார்கள். யந்திரம் புதியது, பெயரும் புதியது. ஆனால் ‘இந்த வாக்கு இன்னாருடையதுதானா, இடையில் எவரேனும் திருத்தினார்களா, நாளை இதனை அவர் மறுக்க முடியுமா’ என்ற மூன்று கேள்விகளும் நம் நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டவை. கேட்கப்பட்டதோடு நில்லாமல் விடையும் காணப்பட்டவை.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தின் வருவாயை முதலாம் இராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் அளித்த வரலாற்றைச் சொல்லும் செப்பேடுகள், ஹாலந்து தேசத்து லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததனால், லெய்டன் சாசனம் என்றே பெயர் பெற்றுவிட்டன. 21 ஏடுகள், அவற்றைக் கோத்த வளையத்தில் சோழ முத்திரை. அரசன் வாயால் சொன்ன ஒரு சொல் அந்தச் செப்பேட்டை அடைவதற்குள் எத்தனை கைகளைக் கடக்க வேண்டியிருந்தது என்பதுதான் வியப்புக்குரியது. திருமந்திர ஓலை எழுதுகிறவன் ஆணையைக் கேட்டு எழுதுவான். அவன் எழுதியது சரியென்று திருமந்திர ஓலைநாயகர் ஒப்பிட்டுக் கையொப்பமிடுவர். புரவுவரித் திணைக்களத்து அதிகாரிகள் பலர் கூடியிருக்க, வரிப்பொத்தகத்தில் அது பதிவாகும். பின்னர் நாட்டார் எதிர்சென்று ஓலையைத் தலைமேற்கொண்டு, பெண்யானையை நடத்தி எல்லையைச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நாட்டி, அறவோலை செய்து கொடுப்பர். இராஜராஜன் காலத்தில் எழுந்த ஆணை செப்பேட்டில் பொறிக்கப்பட்டது அவன் மகன் இராஜேந்திரன் காலத்தில். சொன்னவன் மறைந்த பின்னும் அந்தச் சொல் அவனுடையதே என்று எவரும் ஐயமின்றி ஏற்றார்கள் என்றால், இத்தனை பேர் நடுவில் நின்று ஒருவரையொருவர் சரிபார்த்ததே காரணம். ஒருவனை மட்டும் நம்பி எதையும் விடாதே என்பதைத்தான் இன்றைய பாடப்புத்தகங்களும் முதல் அத்தியாயத்தில் கூறுகின்றன.

உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. ஜனநாயகத்தின் பெருமைக்கு அதனைச் சான்று காட்டுவர். நான் அதில் வேறொன்றைக் கண்டு வியப்பதுண்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், அவ்வூர்ச் சபை தன் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வகுத்த விதிகளை எழுதியவர்கள், மோசடி எந்த இடத்தில் நுழையக்கூடும் என்று ஒவ்வோர் அடியிலும் நின்று யோசித்திருக்கிறார்கள். குடத்தை யாவரும் காணும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். அதிலிருந்து ஓலையை எடுப்பது ஒன்றும் அறியாத ஒரு சிறு பிள்ளையாக இருக்க வேண்டும். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் வாசித்த பெயரை அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் மறுபடி வாசிக்க வேண்டும். விரித்த உள்ளங்கை என்ற அந்த ஒரு சிறு விவரத்துக்காகவே அந்த விதியை எழுதியவர்களை வணங்கத் தோன்றுகிறது. விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்துவைத்து மாற்றுகிறவன் இருப்பான் என்று ஊகித்து, அவன் செயலுக்கு முன்பே கதவை அடைத்த அறிவு அது. கள்ளனைப்போலச் சிந்தித்துக் காவலனாக நிற்கும் அந்த அறிவை வளர்ப்பதற்குத்தான் இன்றைக்கு ‘எத்திக்கல் ஹேக்கிங்’ என்ற தலைப்பில் ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள்.

எனினும் பழம்பெருமையை மட்டும் பேசி நிறுத்திவிடுவது நேர்மையாகாது. இந்த வித்தை எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. நன்னூலார் குழூஉக்குறி என்று ஒன்றைச் சொல்கிறார். பொன்னைப் பறி என்று தட்டாரும், ஆடையைக் காரை என்று யானைப்பாகரும் தமக்குள் வழங்கிக்கொண்டதை உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுவர். தொழிலின் ரகசியத்தைத் தொழிலாளர் காத்துக்கொள்வதில் பெரிய தீங்கில்லை. ஆனால் ஒரு கிராமத்து நிலம் முழுவதன் கணக்கும் அவ்வாறே ஒரு குடும்பத்தின் பரிபாஷையாகிவிட்டால் என்ன ஆகும்? எண்சுவடி, குழிமாற்று முதலிய கணக்குப் பாடங்களைத் திண்ணையில் பலர் கற்றார்கள். கணக்குப் பிள்ளையின் சுவடியைப் பிரித்துப் பார்க்கும் உரிமை மட்டும் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றது. குடியானவன் தன் சொந்த நிலத்தின் அளவைத் தெரிந்துகொள்வதற்கும் இன்னொருவர் வீட்டு வாசலில் காத்து நிற்க வேண்டியிருந்தது. மேற்கே கல்வராயன் மலையில் நிலைமை இன்னும் கடினம். 1976-ல் அரசாங்கம் ஏற்கும் வரையில் அந்த மலைக் கிராமங்கள் ஜாகீர்தார்களின் ஆதிக்கத்திலேயே இருந்தன. சமவெளியில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டது 1980 நவம்பரில்தான். அதன் பின் வந்த கிராம நிர்வாக அலுவலர், பரீட்சை எழுதித் தேறி வந்தவர். காக்கும் உரிமை பிறப்பை விட்டுப் படிப்பின் பக்கம் நகர்ந்த அந்த ஆண்டை நான் இந்தச் சரித்திரத்தின் பெரிய திருப்பமாகக் கருதுகிறேன்.

இதற்குள் உலகத்தின் வேறொரு மூலையில் முத்திரைக்குப் பதிலாக எண்கள் வந்து அமர்ந்திருந்தன. 1976-ல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட கட்டுரையும், அடுத்த ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் வகுத்த முறையும், பூட்டும் சாவியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற பழைய எண்ணத்தை மாற்றின. பூட்டும் எண்ணை ஊரறியச் சொல்லலாம். திறக்கும் எண்ணை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். பிரயோஜனம் கருதாத தூய கணிதம் என்று ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டி போற்றிய எண் கோட்பாடே, அவருடைய நண்பராக விளங்கிய நம் இராமானுஜன் தோய்ந்திருந்த அந்தக் கடலே, இப்போது உலகத்து வங்கிகளின் பெட்டகக் கதவாயிற்று. சென்னையில் 1962-ல் தோன்றிய கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த இரா. பாலசுப்பிரமணியன், அமெரிக்கரான கோப்ளிட்ஸுடன் சேர்ந்து 1998-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, நீள்வட்ட வளைகோடுகளைக் கொண்டு அமைக்கும் பூட்டுகளை ஒரு குறிப்பிட்ட வழியால் உடைப்பது எவ்வளவு அரிது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியது. இதனைத் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணாக்கர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சட்டமும் பின்தொடர்ந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17-ல் நடைமுறைக்கு வந்து, எண்களால் இட்ட கையொப்பத்துக்கு மைக் கையொப்பத்தின் மதிப்பை அளித்தது. அத்தகைய கையொப்பங்களுக்குச் சான்றளிக்கும் உரிமத்தை இந்தியாவில் முதன்முதலாக 2002-ல் பெற்றது, சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவேயைச் சார்ந்த சேஃப்ஸ்கிரிப்ட். அதே 2002-ல் மின்னணுப் பரிமாற்றப் பாதுகாப்பை ஆராய்வதற்கென்று ‘செட்ஸ்’ என்ற அமைப்பும் சென்னையிலேயே தோன்றிற்று. 2004 நவம்பரில், இணையத்தில் ஒரு பெண்ணை இழிவுபடுத்தி எழுதியவனுக்கு எழும்பூர் நீதிமன்றம் விதித்த தண்டனை, அந்தச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்கீழ்க் கிடைத்த முதல் தண்டனைகளில் வைத்து எண்ணப்படுகிறது. வழக்குப் பதிவாகி ஏழு மாதத்துக்குள் தீர்ப்பு வந்தது.

சைபர் பாதுகாப்புப் படிப்பு மேலிருந்து கீழே இறங்கி வந்தது என்று சொல்லலாம். இங்கிலாந்தில் ராயல் ஹாலோவே கல்லூரி 1992-ல் முதுகலைப் பட்டமாகத் தொடங்கிற்று. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து அபர்டே சர்வகலாசாலை 2006-ல் இளநிலைப் பட்டமாகவே வைத்தது. நம் நாட்டில் 2005-ல் மத்திய அரசு தொடங்கிய தகவல் பாதுகாப்புக் கல்வித் திட்டம் பெரும்பாலும் ஆசிரியர்களையும் ஆராய்ச்சியாளர்களையும் உண்டாக்க முனைந்தது. பிள்ளைகள் நேரே பட்டப்படிப்பாக எடுத்துக்கொள்ளும் நிலை, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வளர்ந்துவரும் துறைகளின் வரிசையில் இதனையும் சேர்த்த பிறகே பரவலாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைக்கும் முதுநிலைக்கும் பாடத்திட்டம் வகுத்து வெளியிட்டது 2022 அக்டோபரில். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை 2019 அக்டோபர் 30-ஆம் தேதி அதிகாரிகள் ஒப்புக்கொண்ட செய்தியைப் படித்திருந்த தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு, இந்தப் படிப்பு எதற்கு என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாணாக்கன் கற்பது என்ன? முதலாண்டில் கணிதமும் சி மொழியும். பிறகு இயங்குதளம், வலையமைப்பு, மறையீட்டியல், தடயவியல், சைபர் சட்டம். ஒரு கோப்பில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் ‘ஹாஷ்’ எண் அடியோடு வேறாகிவிடும் என்பதைச் சோதனைச்சாலையில் கண்ணால் காண்கிற நாளை அவன் எளிதில் மறக்கமாட்டான். போலிச் செப்பேடுகளை எழுத்தமைதியாலும் நாட்கணக்கின் பிழையாலும் கண்டுபிடித்து, 1901-ல் கல்வெட்டறிஞர் ஃப்ளீட் ஒரு நீண்ட பட்டியலையே வெளியிட்டார். அந்த உழைப்பின் நேர் வாரிசு இன்றைய தடயவியல் மாணவன். 1883-ல் மறையீட்டியல் அறிஞர் கெர்க்காஃப்ஸ் எழுதிய ஒரு கொள்கையையும் அவன் பாடமாகப் படிக்கிறான்: பூட்டின் அமைப்பு எதிரியின் கையில் அகப்பட்டாலும், சாவி அகப்படாதவரை காவல் கெடலாகாது. விதிகளை மறைக்காமல் கோயிற் சுவரில் வெட்டிவைத்த உத்திரமேரூர்ச் சபையாருக்கு இந்தக் கொள்கை வியப்பளித்திராது. வள்ளுவர் அரண் என்ற அதிகாரத்தில் கோட்டையின் சிறப்புகளையெல்லாம் அடுக்கிவிட்டு, வினைத்திறம் இல்லாதாரிடத்தில் எந்த அரணும் பயனில்லை என்று முடிப்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

எலவனாசூர்கோட்டையின் நிலக்கணக்கு இப்போது சுவடியிலும் இல்லை, கர்ணத்தின் பெட்டியிலும் இல்லை; பட்டாவும் சிட்டாவும் எங்கோ ஓர் அரசுக் கணினியில் இருக்கின்றன. 2019 நவம்பர் 26 முதல் இவ்வூருக்குத் தலைநகரம் கள்ளக்குறிச்சி. இம்மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் 2021 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளன. அதே 2021-ல் வந்த சட்டம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் நூற்றுக்கு ஏழரை இடங்களை ஒதுக்கியது. கர்ணம் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்றவரின் பேத்தி, கவுன்சலிங்கில் சைபர் செக்யூரிட்டி என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்துச் சென்னைக்கோ கோவைக்கோ பெட்டியுடன் புறப்படுவது இன்று நடக்கக்கூடிய காரியம். எனக்கு இது சிறிய செய்தியாகப் படவில்லை.

பழைய சாசனங்களின் முடிவில் சாட்சிகள் ஒவ்வொருவராக ‘இவை என் எழுத்து’ என்று ஒப்பமிடுவர். எழுதத் தெரியாதவர் தமக்குரிய குறியொன்றைக் கீறுவார், அது தற்குறி. அது இன்னாருடைய குறிதான் என்று எழுத்தறிந்த ஒருவர் பக்கத்தில் எழுதி உறுதி செய்வார். பிற்காலத்தில் அந்தச் சொல் எழுதப் படிக்கத் தெரியாதவர்மேல் வீசும் வசையாகிவிட்டது வருந்தத்தக்கது. பிறந்தபோது அது ஒரு மனிதனின் கையொப்பம். சைபர் பாதுகாப்புப் படிக்கப் போய் விடுமுறைக்கு ஊர் வந்த அந்தப் பேத்தியிடம், பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் செல்போனைக் கொண்டுவந்து நீட்டுகிறார். பாங்கியிலிருந்து பேசுவதாக யாரோ ஒருவன் ஆறு எண்களைக் கேட்டானாம். “கொடுத்துட்டீங்களா தாத்தா?” என்று கேட்கிறாள் அவள். இல்லை, நீ வரட்டும் என்றுதான் வைத்திருந்தேன் என்கிறார் அவர். திண்ணையில் அவருக்கு அருகே அமர்ந்து, அழைப்பு வந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, 1930 என்ற உதவி எண்ணுக்கு அவரையே பேச வைக்கிறாள்.