ரத்தம் கெடல, செல்லுக்கு ஞாபகம் அதிகம்

1/ விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வயல் வேலைக்குப் போற சிலருக்கு முகம், கழுத்து, முழங்கை மடிப்புல வருஷக்கணக்கா அரிப்பு இருக்கும். வரப்போரப் பார்த்தீனியம் ஒரு முக்கியக் காரணம். ஆனா "ரத்தம் கெட்டுப்போச்சு சார், சுத்தம் பண்ண மருந்து குடுங்க" என்பார்கள்.

2/ 1942-லேயே இதுக்குப் பதில் சொன்னது கினிப் பன்றி. ரத்த வகைகளைக் கண்டுபிடித்த அதே லாண்ட்ஸ்டைனரும் மெரில் சேஸும் நியூயார்க்கில் ஒரு ரசாயனத்தால் அவற்றுக்குத் தோல் அலர்ஜி வரவைத்தார்கள்.

3/ அவற்றின் சீரத்தை வேறு கினிப் பன்றிக்கு ஏற்றினால் அலர்ஜி வரவில்லை. உயிருள்ள வெள்ளை அணுக்களை ஏற்றினால் வந்தது!

4/ ஆக, ரத்தம் கெடவில்லைங்க. அணுக்கள் அந்தச் செடியை எதிரியா ஞாபகம் வெச்சிருக்கு. அதனாலதான் முதுகுல ஒட்டிப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட். காய்ந்த செடித் தூளும் காற்றில் வரும். முழுக்கை சட்டை போடுங்க. ரத்த சுத்திக்குக் காசைக் கரைக்காம, தோல் ஓபிக்கு வாங்க.