கூரையும் வாயிலும்

பெங்களூரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கெம்பே கௌடரின் மண்கோட்டையில் தொடங்கித் தொழிற்சாலைகளின் பெருக்கத்தில் முடிப்பது வழக்கம். 1981ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் அவ்வேடுகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. அன்று இந்நகரில் வீனஸ் சர்க்கஸின் பகற்காட்சி முடியும் தறுவாயில் கூடாரம் தீப்பற்றியது. உள்ளே ஏறத்தாழ நாலாயிரம் பேர் இருந்தனர். எரியும் துணி மேலே சரிய, வெளியேற முண்டியடித்த கூட்டத்தின் காலடியில் சிறுவர்கள் சிக்கினர். மாண்டோர் 92 பேர். அவருள் பெரும்பாலோர் குழந்தைகள்.

சர்க்கஸ் பள்ளிக்கூடம் அன்றே என அன்பர்கள் வினவலாம். எளிதில் எரியும் கூரை, அதன்கீழ் நெருங்கியமர்ந்த பிள்ளைகள், வாயிலில் நெருக்கடி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால் விளைவது யாது என்பதை இந்நகரம் அன்றே கண்டுவிட்டது என்பதற்காகவே அதனை இங்குக் கூறுகிறோம். 1995 டிசம்பர் 23 அன்று அரியானாவின் டப்வாலியில் ஒரு பள்ளியின் ஆண்டுவிழாப் பந்தல் எரிந்து நானூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதுவும் செய்தியாக வந்து செய்தியாகவே மறைந்தது.

2004இல் தீ காவிரிக் கரைக்கு வந்தது. ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் திருமண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் எரிந்து மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆறு திங்கள் நிறையவில்லை. ஜூலை 16, வெள்ளிக்கிழமை முற்பகல், கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ மாடிக் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். மாடியிலிருந்து இறங்கக் குறுகிய படிக்கட்டு. கூரை சரிந்து 94 குழந்தைகள் மாண்டனர்.

கீற்றை இகழ்வது நம் நோக்கமன்று. நம் பாட்டன்மார் எழுத்தறிந்ததும் கீற்று நிழலில்தான். ஆயினும் அந்தத் திண்ணைப் பள்ளிகள் தரையோடு இருந்தன; பிள்ளை எத்திசையிலும் எழுந்து ஓடலாம். கீற்றை மாடிக்கு ஏற்றி, கீழே அடுப்பையும் மூட்டி, இடையில் பிள்ளைகளை அடைத்ததே கொடுமை. இதனை ஊழ்வினை என்று சொல்வாரோடு நாம் உடன்படோம்.

கும்பகோணத்தை முன்னிட்டுத் தொடுக்கப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் கற்கும் உரிமையும் அடங்கும் என்றது; தீயணைப்புக் கருவிகளையும் ஆசிரியர்க்குப் பயிற்சியையும் கட்டாயமாக்கியது. பெங்களூரில் சர்க்கஸ் கூடாரம் எரிந்து அப்போது இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மறு ஆண்டே, 2010 பிப்ரவரி 23 அன்று, இந்நகரின் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் தீப்பற்றி ஒன்பது பேர் இறந்தனர். புகைக்குத் தப்ப வழியறியாது சன்னல் வழியே குதித்தோரும் உண்டு. இங்கே குடியேறிய நம் குடும்பங்கள் பிள்ளைக்குப் பள்ளி தேடுகையில் கட்டணத்தைக் கேட்கின்றன, பேருந்து வருமா என்று கேட்கின்றன, தமிழ் கற்பிப்பீரா என்றும் கேட்கின்றன. மாடியிலிருந்து இறங்க எத்தனை படிக்கட்டுகள், அவற்றின் கதவுகள் பூட்டப்பட்டுள்ளனவா என்று கேட்போரை நாம் அதிகம் கண்டதில்லை.

ஜப்பானின் கமாயிஷி நகரில் பள்ளிகள் ஆண்டுதோறும் ஒத்திகை நடத்திவந்தன. 2011 மார்ச் 11 அன்று நிலம் நடுங்கியதும் ஒரு நடுநிலைப் பள்ளியின் மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடினர். அருகிலிருந்த தொடக்கப் பள்ளியினரும் அதைக் கண்டு பின்தொடர்ந்தனர். முதலில் கூடிய இடம் போதாது எனத் தோன்றவே, பெரிய பிள்ளைகள் சிறியோரின் கையைப் பற்றிக்கொண்டு இன்னும் மேலே ஏறினர். அவர்கள் விட்டுவந்த இடங்களைக் கடல் மூடியது.