தேர்வு நீங்கியபின் தலைமை: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ப்பள்ளிகளை முன்வைத்து

2021-இல் மலேசியக் கல்வி அமைச்சு ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வை ரத்து செய்தது. 1988 முதல் நடந்துவந்த அத்தேர்வு, தமிழ்ப்பள்ளிகளின் மானப் பிரச்சினையாகவே இருந்தது. முன்பு 7ஏ, 2016 முதல் 8ஏ பெற்ற பிள்ளைகளின் படங்களோடு பள்ளி வேலியில் பதாகை தொங்கும். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் வட்டாரப் பெற்றோர் பலர் அதைப் பார்த்துத்தான் முதலாம் ஆண்டுக்குப் பள்ளி தேடினர். தலைமையாசிரியரின் திறமையையும் அப்பதாகையே அளந்தது. இன்று அந்த இடத்தில் வகுப்பறை மதிப்பீடு முக்கியமாகிவிட்டது. ஆறு அடைவுநிலைகளில் ஒரு மாணவர் எதில் நிற்கிறார் என்பதைக் கற்பிக்கும் ஆசிரியரே முடிவுசெய்கிறார். இம்மாற்றம் தலைமையாசிரியரை வகுப்பறைக்குள் அழைக்கிறது. பள்ளிகளின் அமைப்போ அவரை வெளியே இழுக்கிறது.

இந்த இழுப்புக்கு வரலாறு உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். அப்படிப் பிறந்த பள்ளிகளின் நிலம் தோட்டத்துக்கே சொந்தமாக இருந்தது. ஆசிரியர் சம்பளத்தை அரசு தந்தாலும் பல பள்ளிகள் இன்னும் பகுதி உதவி பெறுபவைதாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளானபோது நிலம், கட்டடம், இடமாற்றம் ஆகியவற்றின் கவலை தலைமையாசிரியர் தலையில் விழுந்தது. மாணவர் சேர்க்கையும் சரிந்தது: 2010-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு லட்சம், பத்தாண்டில் எண்பதாயிரம் அளவு. கிள்ளான் சிம்பாங் லீமா போன்ற பெரிய பள்ளிகள் நெரிசலில் திணற, சிறு பள்ளிகள் பிள்ளை தேடி அலைகின்றன. நிதி திரட்டுவதும் வீடு வீடாகச் சென்று பெற்றோரைச் சந்திப்பதும் தலைமையாசிரியரின் பொழுதைத் தின்கின்றன. அவர்களின் அர்ப்பணிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது செல்லவேண்டிய இடம் வேறு.

விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், ஆசிரியர்களின் தொழில்சார் கற்றலை வளர்த்து அதில் தாமும் பங்கேற்கும் தலைவர்களே மாணவர் அடைவில் மிகுந்த தாக்கம் ஏற்படுத்துகிறார்கள் என்று காட்டினர். நம் வகுப்பறையில் இதற்கு என்ன பொருள்? மூன்றாம் ஆண்டு மாணவி வாய்மொழியாகச் சரளமாகப் பதில் சொல்கிறாள். ஏட்டில் ‘மழை’ ‘மலை’யாகிறது, ‘வேளை’ ‘வேலை’யாகிறது. ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்து, சரியான சொல்லை மேலே எழுதிவிடுகிறார். மறுவாரம் அதே பிழை. பின்வரிசையில் அமர்ந்து பாடத்தைப் பார்த்த தலைமையாசிரியர், பாடம் முடிந்ததும் நான்கைந்து ஏடுகளை விரித்து, “டீச்சர், திருத்தியது நீங்கள், அவள் என்ன செய்தாள்?” என்று கேட்டால் உரையாடல் தொடங்குகிறது. அவளே பிழையைக் கண்டுபிடித்து, ஒலித்துப் பார்த்து, வாக்கியத்தில் மீண்டும் எழுதவேண்டும் என்ற முடிவுக்கு இருவரும் சேர்ந்தே வருவார்கள். ஒரே ஏட்டைப் பார்த்து ஓர் ஆசிரியர் மூன்றாம் நிலை என்றும் இன்னொருவர் ஐந்தாம் நிலை என்றும் சொல்லும் குழப்பத்துக்கும் இத்தகைய அமர்வே மருந்து. அது இல்லாவிடில் அடைவுநிலை வெறும் எண்.

தேசிய மொழிப் பாடத்தில் இந்த மதிப்பீட்டுக் குழப்பத்தின் விளைவு இன்னும் கடுமையானது. போதிய தேர்ச்சி இல்லாமல் இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்த வரலாறு நமக்குத் தெரியும். தாராளமாகப் போட்ட ஒரு நிலை அப்பிள்ளையின் தடுமாற்றத்தை மறைத்துவிடும்.

சேர்க்கை குறைந்தால் பள்ளியே இராது, பிறகு கற்பித்தல் எங்கே என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் சேர்க்கைப் பணியைத் தலைமையாசிரியர்தான் செய்யவேண்டும் என்பதில்லை. பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்னாள் மாணவர்களும் நிலம், நிதி, சேர்க்கை மூன்றையும் ஏற்கலாம். அமினுடின் பாக்கி கழகத்தில் தலைமைத்துவப் பயிற்சி பெற்றுத் திரும்புபவர் பழைய மேசைக்கே வந்து உட்கார்ந்தால் பயிற்சியும் வீண். மாவட்டக் கல்வி இலாகா தலைமையாசிரியரிடம் முதலில் கேட்கவேண்டியது நிகழ்ச்சி அறிக்கையை அல்ல. அந்த மாதம் எந்தெந்த வகுப்பில் அமர்ந்தார், எந்த ஏடுகளைப் பார்த்தார், அதன்பின் கற்பித்தலில் எது மாறியது என்ற குறிப்பை.