'போல்கே' என்றொரு சொல்: மும்பையில் மொழியியல் நடந்து வந்த வழி

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் 'ராஜுன்னு ஒரு பையன்' என்று சொல்லும். தெருவில் இறங்கியதும் அதுவே 'ராஜு போல்கே ஏக் லட்கா' ஆகிவிடும். மராத்தித் தோழியிடம் பேசினால் 'ராஜு ம்ஹணூன் ஏக் முல்கா'. மொழி மூன்று, வாக்கியத்தின் எலும்புக்கூடு ஒன்றுதான். 'என்று', 'போல்கே', 'ம்ஹணூன்' மூன்றுமே 'சொல்லி' என்ற பொருளில் பிறந்த எச்சங்கள். பாடநூல் இந்தியில் இந்த இடத்தில் 'ராஜு நாம் கா' என்றுதான் வரும். 'போல்கே' என்று தேர்வுத்தாளில் எழுதினால் சிவப்பு மை பாயும்.

அந்தச் சிவப்பு மைக்குரிய சொல்லையே ஆய்வுக்குரிய சான்றாக எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு இந்தப் பகுதியின் மொழிக் கல்வி வந்துசேர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

தொடக்கம் வடமொழியில். 1857இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் துணைவேந்தராக இருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் வில்சன் 1875இல் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த மொழிநூல் சொற்பொழிவுகளை 1877இல் நிகழ்த்தியவர், அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான ராமகிருஷ்ண கோபால் பண்டார்கர். சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அபப்பிரம்சம், அவற்றின் வழி வந்த இன்றைய மொழிகள் என்று நீளும் அந்த உரைகள் 1914இல் நூலாக வந்தன. 'ஹஸ்த' என்பது 'ஹத்த' ஆகி, மராத்தியில் 'ஹாத்' என்று தேய்ந்தது போன்ற ஒலி மாற்றங்களுக்கு விதி உண்டு, அந்த விதியைத் தேடிப் பிடிக்கலாம் என்பதை இந்தியர் ஒருவரே இந்திய மாணவர்களுக்குக் காட்டினார். அது சிறிய காரியமல்ல. ஆனால் அவர் பார்வை ஆரிய மொழிகளின் குடிவழியிலேயே நின்றது; சான்றுகள் பெரும்பாலும் ஏட்டிலிருந்து வந்தன.

அந்தச் சொற்பொழிவுகளுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே, 1856இல், திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டிருந்தார். அந்த ஊரைச் சுற்றிய வறண்ட பகுதிகளிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள்தாம் பின்னர் தாராவியின் தோல் பதனிடும் பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் பெருமளவில் வந்து சேர்ந்தன. நூலும் மக்களும் ஒரே மண்ணிலிருந்து கிளம்பியவை. ஆனாலும் இரண்டு ஆய்வு மரபுகளும் நெடுங்காலம் தனித்தனியாகவே நடந்தன.

அடுத்த திருப்பம் புனேயில். மூடப்பட்டிருந்த தக்காணக் கல்லூரி 1939இல் முதுகலை ஆய்வு நிறுவனமாக மீண்டும் திறந்தது. அங்கே எஸ். எம். காத்ரே மொழியியலுக்கு ஓர் இருப்பிடம் அமைத்தார். 1942இல் வந்த அவருடைய நூல் கொங்கணியின் தோற்றத்தைப் பற்றியது. 1950களின் நடுவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு அங்கே நடந்த மொழியியல் பள்ளிகளில் இந்தியாவின் பல மூலைகளிலிருந்து இளைஞர்கள் கூடினர். பேசுபவரின் எதிரே உட்கார்ந்து கேட்டு எழுதும் களப்பயிற்சி அங்கே பலருக்கு வாய்த்தது. ஏட்டிலிருந்து காதுக்கு மொழிக் கல்வி நகர்ந்த காலம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

காது திறந்ததும் கேட்டவை வியப்பானவை. தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வதை நம் இலக்கணம் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கிறது. பாடநூல் இந்தியின் 'ஹம்' இரண்டுக்கும் பொது. மராத்தியிலோ 'ஆபண்', 'ஆம்ஹி' என்று தமிழைப் போலவே இரண்டு. மும்பை இந்தியில் 'அப்பன் சல்தே ஹை' என்றால் நீயும் வா என்று பொருள். குடும்பம் வேறானாலும் அக்கம்பக்கத்து மொழிகள் ஒன்றிலிருந்து ஒன்று இலக்கணத்தையே வாங்கிக்கொள்ளும் என்பதை மொழியியலாளர் எமனோ 1956இல் 'இந்தியா ஒரு மொழிப்பரப்பு' என்ற கருத்தாக முன்வைத்தார். 1967இல் டச்சு அறிஞர் கைப்பர் இன்னும் பின்னே போய், சமஸ்கிருதத்தின் 'இதி' என்ற சொல் பயன்படும் முறையிலேயே திராவிடத் தாக்கம் இருக்கலாம் என்றார். மறுப்பவர்களும் உண்டு, அந்த வாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் பண்டார்கர் ஆராய்ந்த மொழிக்குள்ளேயே 'என்று' என்ற நம் சொல்லின் நிழல் தேடப்பட்டதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

1971 முதல் 1974 வரையிலான நான்கு ஆண்டுகள் மகாராஷ்டிரத்துக்குச் செழிப்பானவை. சாங்லி மாவட்டத்துக் குப்வாட் கிராமத்தில் கன்னடம், மராத்தி, உருது மூன்றும் சொல்லுக்குச் சொல் ஒத்து நிற்கும் அளவுக்கு நெருங்கிவிட்டதை ஆய்வாளர்கள் கம்பெர்ஸும் வில்சனும் 1971இல் ஒரு கட்டுரைத் தொகுப்பில் காட்டினர். மராத்தியே திராவிட மொழி பேசியவர்களின் கலப்பில் உருவாகியிருக்குமோ என்ற கேள்வியை அதே தொகுப்பில் சவுத்வொர்த் எழுப்பினார். 1972இல் மொழியியலாளர் பிரபோத் பண்டிட் ஒரு பம்பாய் வணிகரை முன்னே நிறுத்தினார். குஜராத்தி மசாலா வியாபாரி. வீட்டில் குஜராத்தி, காய்கறிச் சந்தையில் மராத்தி, பால்காரரிடம் இந்தி, வணிக வட்டத்தில் கச்சியும் கொங்கணியும், சபையில் ஆங்கிலம். ஒரு மனிதருக்கு ஒரு மொழி என்ற மேலை நாட்டு அளவுகோல் இங்கே செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இன்றும் மாட்டுங்கா சந்தையில் அரைமணி நேரம் நின்றால் அவரைப் போன்றவர்களைப் பார்க்கலாம். அவர்களுள் சிலர் தமிழிலும் விலை சொல்வார்கள்.

1974இல் மகாதேவ் ஆப்தே பம்பாயில் பேசப்படும் இந்தி–உருதுவையே தனி ஆய்வுப் பொருளாக்கினார். அக்கட்டுரை வெளிவந்தது வ. ஐ. சுப்பிரமணியம் தொடங்கிய திராவிட மொழியியல் இதழில். தெருமொழிக்கு ஆய்வரங்கில் நாற்காலி போட்ட கை திருவனந்தபுரத்திலிருந்து நீண்டது என்பதைத் தமிழர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவு வளமும் இளங்கலை மாணவரை எட்டியதா? போதுமான அளவுக்கு எட்டவில்லை. அலிகார், காசி போன்ற சில பல்கலைக்கழகங்கள் இளங்கலையிலேயே மொழியியலைக் கற்பிக்கின்றன. மற்றபடி இந்தியாவில் இத்துறையின் வாசல் பெரும்பாலும் முதுகலையில்தான் திறக்கிறது. மும்பைப் பல்கலைக்கழகத்தின் கலினா வளாகத்திலும் அப்படித்தான். பட்டப்படிப்பு மாணவர் இதைச் சந்திப்பது பெரும்பாலும் இலக்கியப் பாடத்துக்குள் ஒரு தாளாக. பவாயில் ஐஐடி, சொற்களைப் பொருளுறவால் இணைக்கும் இந்தி சொல்வலையைக் கட்டியபோது மொழியறிவு கணினித் துறைக்கும் தேவை என்பது தெளிவாயிற்று. ஆயினும் இளங்கலை வாசல் அகலவில்லை.

இழப்பு பெரியது. ஒலியன் என்ற முதல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 'பல்', 'கம்பு' இரண்டிலும் நாம் எழுதுவது ஒரே பகரம். மெல்லினத்தை அடுத்து வந்தால் குரல் தானாகவே அதிரும், பொருள் மாறாது. இந்தியிலோ அந்த அதிர்வு ஒன்றே 'கணம்' என்ற பொருளுள்ள சொல்லை 'வலிமை' என்ற பொருளுள்ள சொல்லாக்கிவிடும். ஒரு மொழியில் ஒரே ஒலியன், இன்னொன்றில் இரண்டு. பாடநூலைப் பார்த்துப் படிப்பவருக்கு இது புரிய ஒரு வாரம் ஆகலாம். தாராவிப் பிள்ளைக்கு இது அனுபவம். அதற்குரிய பெயர் மட்டும்தான் தெரியாது.

மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அந்தப் பள்ளிகளிலிருந்து வருபவர்களுக்காகச் செம்பூரிலும் சயானிலும் உள்ள கல்லூரிகள் முதலாண்டிலேயே மொழியியலைத் துணைப்பாடமாகவேனும் வைக்க வேண்டும். தேசியக் கல்விக் கொள்கையின் நான்காண்டுப் பட்டம் அதற்கு இடம் தருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை வீட்டுக்கு வந்து 'மொழியியல்னு ஒரு படிப்பு இருக்காம்' என்று சொன்னால், பெற்றோரே, அதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.